உறுப்பினர் காசில் ஒரு மேடை

அமெரிக்காவில் ஏறத்தாழ 900 கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. 48 மாநிலங்களில் 4 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு அவை மின்சாரம் கொடுக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் கம்பிகள்தாம் ஓடுகின்றன. இந்தச் சங்கங்களின் நிர்வாகக் குழு உறுப்பினர்களும் மேலாளர்களும் ஆண்டுக்கொருமுறை தேசிய மாநாட்டில் கூடுகிறார்கள். மாநிலச் சம்மேளனங்களும் தனித்தனியே மாநாடு நடத்துகின்றன. காலையில் பொது அமர்வு தொடங்கியதும் பேச வருகிற சிறப்பு விருந்தினர் பல நேரங்களில் மின்சாரத்துக்கும் கூட்டுறவுக்கும் தொடர்பில்லாதவராக இருப்பார். ஓய்வுபெற்ற கால்பந்துப் பயிற்சியாளர், போர் விமானி, மலையேற்ற வீரர், தொலைக்காட்சியில் தேர்தல் கணிப்புச் சொல்பவர் என்று வரிசை நீளும். இவர்களை ஏற்பாடு செய்து தருவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. ஒரு பேச்சின் கட்டணம் சில ஆயிரம் டாலரில் தொடங்கும். புகழ்பெற்றவர் என்றால் லட்சம் டாலரையும் தாண்டும். மன உறுதி, தலைமைப் பண்பு, குழுவாக உழைப்பது ஆகியவை பற்றி நாற்பத்தைந்து நிமிடம் பேசுவார். வங்கி ஊழியர் மாநாட்டிலும் பல் மருத்துவர் மாநாட்டிலும் அதே பேச்சைப் பேச முடியும். இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பமும் மின்மாற்றியும் எப்படி உறுப்பினரின் சொத்தோ, அந்த மேடையின் ஒரு மணி நேரமும் அப்படித்தான். அவருடைய சொந்த விவகாரத்தை, அதிலும் சங்கத்தை நடத்துபவர்களுக்குக் கேட்கப் பிடிக்காத பகுதியை, எடுத்துச் சொல்லக்கூடியவருக்கே அந்த நேரம் சேர வேண்டும்.

சொத்து என்ற வார்த்தையை வேண்டுமென்றே எழுதுகிறேன். இந்தச் சங்கங்களில் மின் இணைப்பு வாங்குகிற ஒவ்வொருவரும் உறுப்பினர். எவ்வளவு மின்சாரம் எரித்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. செலவு போக மிஞ்சும் பணம் உறுப்பினர் ஒவ்வொருவரின் கணக்கிலும் அவர் வாங்கிய மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப எழுதி வைக்கப்படும். உடனே கைக்கு வராது. சங்கம் அதைக் கம்பி இழுக்கவும் கடன் அடைக்கவும் முதலாக வைத்துக்கொண்டு, பத்து இருபது ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தரும். சிலருக்கு அந்தக் காசோலை வரும்போது அவர் இருக்கமாட்டார், பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். தனியார் மின் நிறுவனத்தின் கம்பியில் ஒரு மைலுக்குச் சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கும். கூட்டுறவுக் கம்பியில் எட்டுதான். எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மைல் கம்பியைத் தாங்குகிறார்கள். மாநாட்டின் செலவும் பேச்சாளரின் கட்டணமும் கடைசியில் இவர்களுடைய மாதக் கட்டணத்திலிருந்துதான் போகின்றன. இவர்களில் பெரும்பாலோர் அந்த மண்டபத்தில் இல்லை.

பேச்சு இந்த இயக்கத்துக்குப் புறம்பான அலங்காரமும் அல்ல. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை தொடங்கிய கூட்டுறவு முன்னோடிகள், சில ஆண்டுகளில் தங்கள் உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். நூலகமும் வகுப்பும் அந்தப் பணத்தில் நடந்தன. உலகக் கூட்டுறவு இயக்கம் ஏற்றுக்கொண்ட ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது, உறுப்பினருக்குக் கல்வியும் பயிற்சியும் தகவலும் தருவது. உரிமையாளருக்குத் தன் தொழில் புரியாவிட்டால் உரிமை பெயரளவில் நின்றுவிடும் என்பதை அந்த நெசவாளர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். எனவே மாநாட்டு மேடையைக் கல்விச் செலவாகப் பார்ப்பதே முறை. கேளிக்கைச் செலவாகப் பார்க்கத் தொடங்கினால் ஐந்தாவது கோட்பாட்டைக் கைவிட்டதாகத்தான் பொருள்.

அமெரிக்க மின் கூட்டுறவின் தொடக்ககாலம் இதை நன்றாகவே அறிந்திருந்தது. 1930-களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. நகரங்களில் பத்தில் ஒன்பது வீட்டில் விளக்கு எரிந்தது. ஆளில்லாத மைல்களில் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கின. 1935 மே 11 அன்று ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். மறு ஆண்டு செனட்டர் ஜார்ஜ் நாரிஸும் பிரதிநிதி சாம் ரேபர்னும் கொண்டுவந்த சட்டம் அதற்கு நிலையான கடன் அதிகாரம் கொடுத்தது. விவசாயிகள் வீடு வீடாகப் போய் ஐந்து டாலர் உறுப்பினர் கட்டணம் வசூலித்துச் சங்கம் தொடங்கினார்கள். ஆனால் கம்பி வந்த பின்னும் பல வீடுகளில் இரண்டு பல்பும் ஒரு வானொலியும் மட்டுமே ஓடின. பயன்பாடு கூடாவிட்டால் சங்கம் வாங்கிய கடனை அடைக்க முடியாது. அப்போது நிர்வாகம் கூடாரங்களோடு ஒரு காட்சிக் குழுவை ஊர் ஊராக அனுப்பியது. ஜனங்கள் அதை மின்சார சர்க்கஸ் என்றார்கள். 1930-களின் கடைசியிலிருந்து 1941 வரை அது பல மாநிலங்களைச் சுற்றியது.

அந்தக் கூடாரத்தின் முக்கியப் பேச்சாளர் லூயிசன் மேமர். இல்லினாய் மாநிலத்துக்காரர், மனையியல் படித்தவர், 1935-லேயே நிர்வாகத்தில் சேர்ந்தவர். மேடையில் மின் அடுப்பை வைத்து முழுச் சாப்பாட்டையும் சமைத்துக் காட்டுவார். கூட்டத்திலிருந்து ஆண்களை மேலே கூப்பிட்டுச் சமையல் போட்டி வைப்பார். அதுவரை அந்தப் பெண்கள் விறகடுப்பில் இரும்புப் பெட்டிகளை மாற்றி மாற்றிச் சுட வைத்து, வெயில் காலத்திலும் அடுப்படி வெக்கையில் நின்று துணி தேய்த்தவர்கள். துவைக்கும் தண்ணீரைக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தவர்கள். அவர்கள் முன்னால் கம்பி பொருத்திய தேய்ப்புப் பெட்டியையும் துவைக்கும் இயந்திரத்தையும் ஒருவர் இயக்கிக் காட்டினார். மேமர் பேசியது சங்கத்தின் வரவுசெலவோடு நேரடியாகப் பிணைந்த பேச்சு. அதே சமயம் கேட்பவரின் முதுகுவலியோடும் பிணைந்த பேச்சு. சிரிப்பும் இருந்தது, போட்டியும் இருந்தது, பரிசும் இருந்தது. ஆனால் கூடாரத்தை விட்டு வெளியே போன பெண் தன் வீட்டில் அடுத்து என்ன வாங்குவது, அது தன் சங்கத்துக்கு என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு போனாள். அது மின்சாதன விற்பனைக்கு உதவிய பிரசாரம் என்று குறை சொல்லலாம். பிரசாரம்தான். ஆயினும் கேட்டவர்களின் சொந்த விவகாரத்தைப் பேசிய பிரசாரம்.

ரூஸ்வெல்ட்டே ஒரு முறை இத்தகைய விருந்தினராக வந்தார். 1938 ஆகஸ்ட் 11 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பார்ன்ஸ்வில்லில் புதிய கூட்டுறவு மின்பாதைத் திட்டத்தைத் தொடங்கி வைக்கும் விழா. நாட்டின் தலைவர் தன் வீட்டு மின்கட்டண ரசீதிலிருந்து பேச்சைத் தொடங்கினார். வார்ம் ஸ்பிரிங்ஸில் தன் சிறிய வீட்டுக்கு வந்த முதல் ரசீதில் யூனிட்டுக்கு 18 சென்ட் போட்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் வீட்டில் கட்டுவதைப்போல் அது நான்கு மடங்கு. கிராம மின்சாரம் பற்றிய தன் சிந்தனை அந்த ரசீதில் தொடங்கியது என்றார். அங்கே திரண்டிருந்த ஒவ்வொருவருக்கும் சரிபார்க்கக்கூடிய எண் அது. அதே மேடையில் அவர் தன்னோடு அமர்ந்திருந்த செனட்டர் வால்டர் ஜார்ஜைத் தோற்கடிக்கும்படி வாக்காளர்களைக் கேட்டதும் உண்டு. ஜார்ஜ் அந்தச் சவாலை ஏற்பதாக அங்கேயே சொல்லி, அடுத்த மாதம் கட்சித் தேர்தலில் வென்றார். விருந்தினர் மேடையைத் தன் அரசியலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு என்பதற்கும் பார்ன்ஸ்வில் சான்றுதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1959 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த, மின் கூட்டுறவுகளின் தேசியச் சங்கத்தின் ஆண்டு மாநாடு. ஜனாதிபதி ஐசனோவர் பேச வந்தார். 1944-ல் நிறைவேறிய சட்டப்படி கூட்டுறவுகளுக்கு அரசுக் கடன் 2 சதவீத வட்டிக்குக் கிடைத்துவந்தது. அரசு கருவூலமோ அதைவிட அதிக வட்டிக்கு வெளியில் கடன் வாங்கித்தான் இவர்களுக்குக் கொடுத்தது. நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், இந்தச் சலுகையைத் தொடர்வது நியாயமல்ல என்ற வாதத்தை அவர் அந்தச் சலுகையால் வாழ்ந்தவர்களின் முகத்துக்கு நேராக வைத்தார். அரங்கில் அதற்கு வரவேற்பு இல்லை. தேசியச் சங்கத்தின் முதல் பொது மேலாளர் கிளைட் எல்லிஸ் அந்தக் கொள்கையைத் தீவிரமாக எதிர்த்தவர். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மைலுக்கு மூன்று வீடு, நான்கு வீடு என்று கம்பி இழுத்த சங்கங்கள் சந்தை வட்டியைத் தாங்கியிருக்க முடியாது. ஆனால் பாருங்கள்: பத்தே ஆண்டுகளில், 1969-ல், கூட்டுறவுகள் தாங்களே முதல் போட்டுத் தங்களுக்கென்று ஒரு நிதிக் கழகத்தை அமைத்துச் சந்தையில் கடன் திரட்டத் தொடங்கின. 1973-ல் 2 சதவீத வட்டி பொதுவிதியாக இருப்பது முடிந்துபோனது. அந்தப் பேச்சால்தான் இவை நடந்தன என்று சொல்ல முடியாது. எனினும் வரப்போகும் கேள்வி எது என்பதை அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் பத்து ஆண்டு முன்னதாக, எதிர்த்தரப்பின் வாயாலேயே, முழு வடிவில் கேட்டார்கள். அதற்குப் பதில் தயாரிக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு வந்தது. கை தட்டல் வாங்காமல் இறங்கிய ஒரு விருந்தினர் செய்யக்கூடிய உபகாரம் இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

இன்று அப்படிப்பட்ட கேள்விகள் தீர்ந்துவிட்டனவா? 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வந்தது. மின் உற்பத்தி சரிந்தது. மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணிக்கான விலை 9,000 டாலர் உச்சவரம்பில் நாள்கணக்கில் நின்றது. 16 விநியோகச் சங்கங்களுக்கு மின்சாரம் வழங்கிய பிராசோஸ் மின் கூட்டுறவு, தன் தலையில் 200 கோடி டாலருக்கு மேல் கட்டண பாக்கி விழுந்த நிலையில் மார்ச் 1 அன்று திவால் மனு கொடுத்தது. பின்னர் நீதிமன்றம் ஏற்ற சீரமைப்புத் திட்டத்தில் மின் உற்பத்தித் தொழிலைவிட்டே விலகியது. ரேபர்ன் என்ற இன்னொரு மொத்த விநியோகக் கூட்டுறவு, அதே புயலின் செலவை அடைக்க 90 கோடி டாலருக்கு மேல் கடன்பத்திரம் வெளியிட்டது; உறுப்பினர்கள் அதை ஆண்டுக்கணக்கில் மாதக் கட்டணத்தில் அடைக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தன் சங்கம் மின்சாரத்தை எங்கிருந்து, என்ன ஒப்பந்தத்தில் வாங்குகிறது என்று புயலுக்கு முன் தெரிந்திருக்கும்?

மேற்கு மாநிலங்களில் கதை வேறு. அங்கே பல சங்கங்கள் மொத்த விநியோகக் கூட்டுறவோடு பல பத்தாண்டுகள் நீளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. தேவையில் 95 சதவீதத்தை அதனிடமே வாங்க வேண்டியிருந்தது. நியூ மெக்சிகோவின் தாவோஸிலுள்ள கிட் கார்சன் சங்கம் 2016-ல் 3 கோடியே 70 லட்சம் டாலர் கட்டி அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. 2022 வாக்கில் பகல் நேரத் தேவை முழுவதையும் சூரிய ஒளியில் ஈடுகட்டும் நிலைக்கு வந்தது. அது சரியான முடிவா என்பதில் துறைக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வெளியேறியவர்கள் விட்டுச்சென்ற நிலக்கரி நிலையக் கடனைத் தங்கியிருப்பவர்கள் சுமக்க வேண்டியதாகும் என்ற எதிர்வாதம் வலுவானது. கூட்டுறவு என்பதே சேர்ந்து சுமப்பதுதானே என்று கேட்பவர்களுக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அந்த இரு தரப்பும் மாநாட்டின் பெரிய மேடையில், எல்லாரும் விழித்திருக்கும் காலை அமர்வில், ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்கிறேன். இப்படிப்பட்ட விஷயங்கள் மதியத்துக்கு மேல் சிறு அறைகளில் நடக்கும் அமர்வுகளுக்குத் தள்ளப்படும்போது, ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் மட்டும் அங்கே போகிறார்கள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதலாவது, கூட்டம் சேராது என்பது. இதைத் தள்ளிவிட முடியாது. உள்ளூர் சுய சார்புக்கான ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தச் சங்கங்களில் 72 சதவீதத்தில் நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிப்போர் பத்து சதவீதத்துக்கும் குறைவு. உள்ளூர்ச் சங்கத்தின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குக் கோரம் சேர்க்க இறைச்சி விருந்தும், குலுக்கல் பரிசும், வந்தவர்களுக்கு மின்கட்டணத்தில் சிறு கழிவும் தர வேண்டியிருக்கிறது. பாட்டுக் குழு வந்தால் குடும்பத்தோடு வருகிறார்கள். வரட்டும். ஊர்க் கூட்டத்தில் பாட்டும் சாப்பாடும் இருப்பதில் தவறே இல்லை. மேமரின் கூடாரத்திலும் சிரிப்பு இருந்தது. ஆனால் தேசிய, மாநில மாநாடுகளுக்கு வருகிறவர்கள் குலுக்கல் பரிசுக்காக வருகிறவர்கள் அல்லர். கட்டண விகிதத்தையும் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தையும் வாக்களித்து முடிவு செய்பவர்கள் அவர்கள். தவிர, உறுப்பினர் அக்கறை குறைந்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி அக்கறை தரும் பேச்சை விலக்கினால் அந்தக் குறை எப்படித் தீரும்?

இரண்டாவது மறுப்பு மனிதத்தன்மை உள்ளது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் மாடு வளர்ப்பவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். ஊழியர்கள் புயல் இரவுகளில் கம்பத்தில் ஏறுபவர்கள். அவர்களுக்கும் உற்சாகம் தேவைதானே என்பது. தேவைதான். அதைத் தரக்கூடியவர்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். மின் விபத்தில் கையை இழந்த லைன்மேன்கள் சிலர் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறார்கள். ரப்பர் கையுறையை வண்டியில் விட்டுவிட்டு ஏறிய நாள், செத்த கம்பி என்று நம்பியதில் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்னோட்டமாக வந்த மின்சாரம், தரையில் நின்ற சக ஊழியர் மேலே பார்த்துக் கத்திய கத்தல், பிறகு மாதக்கணக்கில் தீக்காயப் பிரிவு என்று அவர்கள் சொல்லும்போது மண்டபத்தில் அசைவிருக்காது. கம்பியைத் தரையிணைப்புச் செய்யாமல் தொடக்கூடாது என்ற விதியை எல்லாரும் படித்திருக்கிறார்கள். சட்டைக் கை மடித்துத் தைக்கப்பட்ட ஒருவர் சொல்லிக் கேட்ட பிறகு அந்த விதியைத் தாண்ட மனம் வராது. மலையேறியவரின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த மண்டபத்துக்கு எந்த வீரம் பயன்படும் என்பதே கேள்வி.

செலவு அற்பம் என்பது மூன்றாவது மறுப்பு. கோடிக்கணக்கில் வரவுசெலவு உள்ள இயக்கத்தில் ஒரு பேச்சாளரின் கட்டணம் கணக்கில் வராது, உண்மை. நான் பேசுவது நேரத்தைப் பற்றி. ஆயிரக்கணக்கான முடிவெடுப்பவர்கள் ஒரே கூரையின்கீழ் உட்காரும் மணி நேரங்கள் ஆண்டில் மிகச் சில. வெளியுலகக் காற்று வேண்டும் என்பார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு. ஐசனோவரும் வெளியாள்தான். வெளியிலிருந்து வருபவர் இங்கே உள்ள ஒன்றைத் தொட்டுப் பேச வேண்டும், அவ்வளவே.

வெளியாள் மட்டும் போதாது என்பதற்கு டெக்சாஸின் பெடர்னலேஸ் சங்கம் சாட்சி. 1930-களின் இறுதியில் இளம் பிரதிநிதியாக இருந்த லிண்டன் ஜான்சன் ரூஸ்வெல்ட்டை நேரில் பார்த்து வாதாடிக் கடன் பெற்றுத் தந்ததால் எழுந்த சங்கம் அது. இன்று நாட்டிலேயே பெரிய மின் கூட்டுறவு. அத்தனை பெருமைக்குரிய சங்கத்தில் காலப்போக்கில் நிர்வாகக் குழுத் தேர்தல்கள் போட்டியின்றி முடியும் சடங்காக மாறின. 2007-ல் உறுப்பினர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகே திறந்த கூட்டங்கள், உறுப்பினர் பார்க்கக்கூடிய ஆவணங்கள், போட்டியுள்ள தேர்தல்கள் வந்தன.  அந்த உறுப்பினர்களை முன்பே மேடைக்கு அழைத்திருந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலே பல விஷயங்கள் திருந்தியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1960-களில் அமெரிக்கத் தேசியச் சங்கத்தின் நிபுணர்கள் அரசு உதவித் திட்டத்தின் வழியாக இங்கே ஆலோசகர்களாக வந்தார்கள். 1969-ல் கிராம மின்மயக் கழகம் தொடங்கியதை ஒட்டி ஆந்திரத்தின் சிர்சில்லா, கர்நாடகத்தின் ஹுக்கேரி, மகாராஷ்டிரத்தின் முளா பிரவரா, குஜராத்தின் கோடினார், உத்தரப் பிரதேசத்தின் லக்னோ ஆகிய ஐந்து இடங்களில் சோதனைச் சங்கங்கள் அமைந்தன. இப்போது தெலங்கானாவில் இருக்கும் சிர்சில்லாவும், ஹுக்கேரியும் நிலைத்தன. முளா பிரவரா 2011-ல் உரிமத்தை இழந்தது. தமிழ்நாடு கிணற்றுப் பம்புசெட்டுகளுக்கு மின்வாரியத்தின் வழியாகவே கம்பி கொண்டுபோனது, அதில் மற்ற மாநிலங்களை முந்தியும் நின்றது. ஆனால் கட்டணமோ ஒப்பந்தமோ பற்றிக் கேட்க நம் விவசாயிக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுதான் உண்டு. அங்கே அவர் நுகர்வோர். அமெரிக்கக் கிராமத்துக்காரர் உரிமையாளர். அந்த வேறுபாட்டின் மதிப்பு தெரிந்தவர்கள்தாம் அந்த மேடை வீணாவதைப் பார்த்து வருந்த முடியும்.

ஆகவே அடுத்த மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் முதல் அமர்வைப் பனிப்புயல் கடனைத் தன் மின்கட்டணத்தில் மாதாமாதம் அடைக்கும் டெக்சாஸ் உறுப்பினர் ஒருவருக்குக் கொடுங்கள். அவர் தன் ரசீதைக் கையில் எடுத்து வரட்டும். அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.